கிளீனர் சைடுப் பறவைகள்

அன்று காலை ஷெட்டில் இருந்தவர்கள்: அக்காவின் கொழுந்தனார், பெயிண்ட் மேஸ்திரி, வெல்டர்கள் இரண்டு பேர், கிரேன்காரர், சென்னைக்கு லோடு ஏற்ற வந்திருந்த டிரைவர், நான். இல்லாதவர் எங்கள் முதலாளி அக்கா. நாமகிரிப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு முகூர்த்தத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாததால்தான் எங்களுக்கு அவ்வளவு அவசரம்.

"அண்ணி வாரதுக்குள்ள ஏத்தித் தார்ப்பாய் போட்டுக் கட்டீருங்க. வந்துட்டா நின்னு பாக்கோணும், நடந்து பாக்கோணும்பாங்க. இன்னைக்கும் வண்டி கெளம்பாது," என்றார் கொழுந்தனார்.

"நடந்து பாத்தாக்கூடப் பரவால்லீங்க. படுத்துப் பாக்கறேன்னு சொல்லீட்டாங்கன்னா?" என்றார் மேஸ்திரி. கிரேன்காரர் சிரித்த சிரிப்பில் கொக்கியில் தொங்கிய அலுமினியப் பேனல் ஆடியது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்காது.

அந்த ஷெட் நாமக்கல்லுக்கு வெளியே சேலம் ரோட்டில் இருந்தது. லாரிக்கு பாடியும் கேபினும் கட்டுகிற இடம். அக்காவும் அவர் கணவரின் தம்பியும் சரிபாதிப் பங்குதாரர்கள். கணவர் எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். எப்போதாவது ஷெட்டுக்கு வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, "சரி, நீங்க பாருங்க," என்று சொல்லிப் போய்விடுவார். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். வரைபடம் பார்க்கத் தெரியும், கணக்குத் தெரியும், தகட்டைச் சுண்டிப் பார்த்தே கனம் சொல்லத் தெரியும். ஆனால் இதில் எதையும் அவர் நம்பமாட்டார். செய்த பொருளை யார் பயன்படுத்தப் போகிறாரோ, அந்த ஆள் இருக்கிற இடத்தில் தான் போய் இருந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் அது அவரைப் பொறுத்தவரை முடிந்த வேலை.

நான் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேபினுக்குள் டிரைவர் படுக்கிற பலகையைக் கொழுந்தனார் புதுவிதமாக அமைத்திருந்தார். அளவெல்லாம் சரி. அக்கா வந்தார், செருப்பைக் கழற்றினார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"தலமாட்டுல தாழ்ப்பாளு இருக்குது," என்றார் கண்ணைத் திறக்காமல். "பொரண்டு படுத்தா காதுல குத்துது. டிரைவருக்குக் காது கெடையாதுங்களா?"

"அண்ணி, அவன் அசந்து வந்து உளுந்தான்னா எதுவும் தெரியாதுங்க."

"அப்படிங்களா? நீங்க ஏறிப் படுங்க."

கொழுந்தனார் ஆறடிக்கு மேல். படுத்தார். இரண்டு காலும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றன. ரோட்டில் போன டவுன் பஸ்ஸிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பலகை அன்றே பிரிக்கப்பட்டது.

"அங்க இருந்து பாத்தீங்களா?" அவர் வாயிலிருந்து அதிகம் வந்த கேள்வி இதுதான். கிளீனர் மழையில் நின்று திறக்கிற டூல் பாக்ஸ் என்றால், வெல்டரை ஹோஸ் பிடித்துத் தன் மேல் தண்ணீர் பீய்ச்சச் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே திறந்து பார்ப்பார். "சளி புடிச்சுக்குமுங்க்கா," என்று அவன் தயங்கினால், "புடிச்சா எனக்குத்தான புடிக்கும்? நீ தண்ணிய உடு," என்பார்.

இது எப்போதும் சிரிப்பாக இருந்ததில்லை. எங்கள் ஷெட்டில் கட்டிய லாரி ஒன்று சாலையோரப் புளியமரத்தில் மோதியது. டிரைவர் பிழைத்துக்கொண்டார், ஒரு கால் போய்விட்டது. நசுங்கிய கேபினை ஓனர் எங்களிடம் கொண்டுவந்து இறக்கினார். இருக்கையில் கறை அப்படியே இருந்தது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, மடங்கிக் கிடந்த கதவின் வழியாக உள்ளே நுழைந்து, அந்த டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அவருடைய கால் சிக்கிய இடுக்கில் தன் காலைச் செருகினார்.

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எறங்குங்க அண்ணி. பாக்க முடியல," என்றார் கொழுந்தனார். அக்கா இறங்கவில்லை. "டேப்ப எடுத்துட்டு வா சாமி," என்று என்னைக் கூப்பிட்டு, முழங்காலுக்கும் படிக்கட்டுத் தாங்கிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்திருக்க வேண்டும் என்று அளக்கச் சொன்னார். அதன்பின் எங்கள் கேபின்களில் அந்தத் தாங்கி ஒரு சாண் தள்ளிப் போனது. அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அக்கா சாப்பிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததும் கொஞ்சம் பயம் வந்ததும் ஒரே நாளில்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. எழுத்தில் இருக்கிறது என்றால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். அக்காவோ, எழுத்து என்பது இன்னும் யாரும் உட்கார்ந்து பார்க்காத நாற்காலி என்பதுபோல் நடந்துகொள்வார்.

மெட்ரோ வேலை வந்தது இப்படி ஓர் ஆளிடம்தான்.

சென்னையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு சுரங்க நிலையத்தின் உள்ளலங்கார வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், தகட்டை அச்சில் புடைக்க வைத்துப் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டு நாமக்கல்லுக்கு வந்தார். கூடவே ஆர்க்கிடெக்ட், ஒல்லியான இளைஞர், மெதுவாகப் பேசுவார். அவர் தரையில் குச்சியால் கோடு போட்டு எங்களுக்கு விளக்கினார். ஆகக் கீழே ரயில் நிற்கும் நடைமேடை. அதன் மேல்தளத்தில் டிக்கெட் வாங்கும் கூடம். கூடத்திலிருந்து ஒரு நீண்ட நடைபாதை, அதன் முடிவில் ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டு. நடைபாதையின் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். மண்ணுக்குள் இருப்பதால் அது எப்போதும் கொஞ்சம் வியர்க்கும். அதனால் சுவரைத் தொடாமல், ஒரு கை இடைவெளி விட்டு அலுமினியப் பேனல்களை மாட்ட வேண்டும். கசிகிற தண்ணீர் பின்னாலேயே வழிந்து போய்விடும். பேனல்களில் பறவைகள் புடைத்திருக்கும். தகைவிலான் குருவி; கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காருமே, அது. அவர் வரைந்திருந்த படத்தில் அவை ஆளுயரத்துக்கு மேலே, வானத்தில் சிதறியதுபோல் எல்லாப் பக்கமும் பறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நான் ஒருக்கா அந்த மாதிரி ஸ்டேஷனுக்குள்ள போயி இருந்து பாத்துட்டு வந்து சொல்றனுங்க," என்றார் அக்கா.

கொழுந்தனார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நானும் அக்காவும் சென்னைக்குப் போனோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சுரங்க நிலையத்தில் இறங்கினோம். அக்கா நடைமேடையில் நின்றுகொண்டே இருந்தார். ரயில்கள் வந்தன, போயின. அவர் ரயிலைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பதித்த கல்லைத் தடவினார். கூரையில் கம்பி கம்பியாக ஓடிய தகட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். மக்கள் எங்கே பார்க்கிறார்கள், கையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு, "நீ பின்னால வா, வழி சொல்லாத," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போகக் கிளம்பினார்.

கூடத்துக்கு ஏறியதும் நின்றுவிட்டார். நான்கு பக்கமும் ஒரே மாதிரி. அங்கே நின்ற காவலாளியிடம் போனார்.

"ஏனுங் தம்பி, கெழக்கு எந்தப் பக்கமுங்க?"

"எங்கம்மா போணும்?"

"போறது இருக்கட்டும். கெழக்கு எதுன்னு சொல்லுங்க."

அந்த ஆள் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஏ, பி, சி, டின்னு நாலு வாசல் இருக்குதும்மா. அதுல எது?"

"கெழக்க இருக்கறது."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் கட்டிலை நகர்த்துவதென்றாலும் "வடக்கால தள்ளு" என்றுதான் சொல்வார்கள். ஷெட்டுக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் திசை சொல்லக்கூடியவர் அவர். அன்று தவறான வாசலில் ஏறி, பெரிய சாலையின் எதிர்ப்புறத்தில் வெளியே வந்தோம். வந்ததும் அவர் முதலில் தேடியது சூரியனை. அதைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "நல்லாத்தான் கட்டியிருக்கறாங்க. கல்லு கண்ணாடியாட்ட இருக்குது. தூணு ஒவ்வொண்ணயும் ரெண்டு பேரு சேந்துதான் கட்டிப் புடிக்கோணும். ஆனா எங்க பாத்தாலும் ஒரே வெளிச்சம். நெழலே உளுகறதில்ல. நெழலு உளுகாத எடத்துல மனுசனுக்குத் தெச எப்படித் தெரியும்? செவுத்துல அத்தன பெரிய படம் இருந்துதே, ஒருத்தராச்சும் நிமுந்து பாத்தாங்களா?"

"நீங்க பாத்தீங்களேக்கா."

"நான் வழி தெரியாமப் பாத்தேன்."

மறுநாளே ஆர்க்கிடெக்ட்டிடம் போனில் பேசினார். பறவைகள் மேலே வேண்டாம், நடக்கிறவர் கை படுகிற உயரத்தில் இருக்கட்டும். எல்லாமே ஒரே பக்கம் பறக்கட்டும், வெளிவாசலைப் பார்த்து. அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவராகவே ஒன்று சேர்த்தார்: பறவையின் வால் தகட்டோடு தகடாகத் தொடங்கும், உடல் மெல்ல மெல்ல மேடாகும், அலகுதான் ஆக உயரம். வெளியே போகிறவர் சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தால் மேடு மெதுவாக ஏறி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த் திசையில் நடந்தால் அலகு விரலில் இடிக்கும். புகை சூழ்ந்தாலும், விளக்கு அணைந்தாலும், கண் தெரியாதவர் வந்தாலும், கை வழி சொல்லும். அதைக் கேட்டதும் அக்கா, "இந்தத் தம்பி அங்க இருந்து பாத்திருக்குது," என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

அச்சு செய்தோம். துளைகளை வெட்டினோம். தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடப்பக்கச் சுவரில் ஓரிடம், வலப்பக்கச் சுவரில் வேறிடம். பறவைகளை எந்தப் பக்கம் பார்த்து அடிப்பது என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை. வெளியே நடக்கிறவருக்கு இடக்கைப் பக்கச் சுவர் என்றால் கிளீனர் சைடு. வலக்கைப் பக்கம் டிரைவர் சைடு. வண்டியின் முகம் இருக்கிற பக்கம் வாசல். அக்காவே சாக்பீஸால் பேனல்களின் முதுகில் அப்படி எழுதினார். எங்கள் மேஸ்திரி வாழ்நாளெல்லாம் வரைந்த குதிரையும் மயிலும் வண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் ஓடின. கிளீனர் சைடில் என்றால் இடது பக்கம் பார்த்து, டிரைவர் சைடில் என்றால் வலது பக்கம் பார்த்து. குருவிகளும் அப்படியே அடிக்கப்பட்டன, பெயிண்ட் பூசப்பட்டன, சூட்டில் காய்ந்தன. ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் வந்து பளபளப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டும் போனார்.

அந்தப் பேனல்களைத்தான் அன்று காலை ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதி லோடு ஏறியிருந்தபோது கார் வந்து நின்றது. பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் தாம்பூலப் பையோடு அக்கா இறங்கினார்.

"எறக்குங்க."

"அண்ணி, இன்ஜினியர் பாத்தாச்சு. அங்க மாட்டற ஆளுக காத்துட்டு இருக்கறாங்க."

"அவரு நின்னு பாத்தாரு. நடந்து பாத்தாருங்களா? எறக்கி, அந்தப் பாதையில எப்படி வருமோ அப்படி ரெண்டு வரிசையா நிறுத்துங்க. நடுவுல நான் நடக்கோணும்."

"நான்தான் சொன்னனுங்களே," என்று மேஸ்திரி முணுமுணுத்தார். டிரைவர் தார்ப்பாயை விரித்து அதன் மேலேயே படுத்துவிட்டார்.

ஷெட்டின் வாசலில் பைப்புகளை முட்டுக் கொடுத்து இரண்டு வரிசை நிறுத்தினோம், முகம் உள்பக்கம் பார்க்க. முதல்முறையாக அது ஒரு பாதைபோல் இருந்தது. வெயில் தகட்டில் பட்டு நடுவில் நிழலே இல்லாத வெளிச்சம். அக்கா தாம்பூலப் பையை என்னிடம் கொடுத்தார். பாதையின் உள்முனையில் போய் நின்றார், கண்ணை மூடினார், இடது கையை இடப்பக்கத் தகட்டில் வைத்தார், வெளிமுனையைப் பார்த்து நடந்தார்.

டக் என்று ஒரு சத்தம். வளையல் அலகில் இடித்தது. இன்னொரு அடி, இன்னொரு டக். அவர் நிற்கவில்லை. கடைசிப் பேனல் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு திரும்பிப் போய், வலது கையை வலப்பக்கத்தில் வைத்து நடந்தார். அதே சத்தம்.

கண்ணைத் திறந்தார். விரல் நுனிகளைப் பார்த்தார்.

"கொத்துது," என்றார். "அத்தனையும் எதுக்க வந்து கொத்துது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"லாரிய நாம வெளிய நின்னுதான பாத்திருக்கறோம்? இதுக்கு நாம உள்ள இருக்கறோம்."

மேஸ்திரிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. லாரியின் இடப்பக்கத்தை வெளியே நின்று பார்த்தால் அதன் முகம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். ஒரு பாதைக்கு உள்ளே நின்று அதன் இடப்பக்கச் சுவரைப் பார்த்தால், போகிற திசை நம் வலக்கைப் பக்கம் இருக்கும். ஷெட்டில் இருந்த எல்லோருமே வாழ்க்கை முழுக்க வண்டியின் வெளிப்புறத்தை அலங்கரித்தவர்கள். உள்ளே நின்று பார்க்கிற சுவர் ஒன்றை நாங்கள் செய்ததே இல்லை. எங்கள் குருவிகள் எல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூமிக்குள் பறந்துகொண்டிருந்தன.

"இந்த வரிசைய அந்தப் பக்கமும் அத இந்தப் பக்கமும் மாட்டீட்டா?" என்றான் வெல்டர்களில் ஒருவன்.

"தீப்பெட்டி ஓட்டை எங்கடா போகும்? செவுத்த வெட்டுவியா?" என்றார் மேஸ்திரி. தீயணைப்புப் பெட்டியை அவர் அப்படித்தான் சொல்வார்.

கொழுந்தனார் அமைதியாக வந்தார். "அண்ணி, நல்லா ரோசன பண்ணுங்க. வெளிய போறவனுக்குத்தான தப்பு? உள்ள வாரவனுக்குச் சரியாத்தான இருக்குது? யாரு கண்டுபுடிக்கப் போறாங்க?"

"உள்ள போறவனுக்கு எதுக்கால ரயிலு இருக்குது. சத்தம் கேக்கும், கூட்டம் போகும். வெளிய வாரவனுக்கு என்ன இருக்குது? வெளிய வாரவனுக்காகத்தான அடிச்சோம்?"

ஆர்க்கிடெக்ட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். அவர் மெதுவாக, "அக்கா, இப்ப திரும்பச் செஞ்சா தேதி தள்ளிப் போகும். வேலையை உங்ககிட்டருந்து எடுத்து வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அதைவிட நான் விளக்கக் குறிப்பை மாத்தி எழுதிடறேன். 'பூமிக்குள் கூடு தேடி வரும் பறவைகள்'னு. நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

"தம்பி, எழுத்த மாத்தீரலாம். இடிக்கற கைய என்ன பண்றதுங்க?"

அக்கா போனை அணைத்தார்.

"தப்பு என்ர தப்பு," என்றார் அக்கா, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சாக்பீஸப் புடிச்சது நானு. எல்லாத்தயும் திரும்ப அடிக்கறோம்."

கொழுந்தனாருக்கு முகம் சிவந்தது. "அப்பறம் நஷ்டமும் உங்க கணக்குலயே போகட்டும். எம் பங்குல ஒத்த ரூவா தொடக் கூடாது. இல்லைன்னா இன்னைக்கே பிரிச்சுக் குடுத்தீருங்க."

"என் கணக்குலயே போகட்டும்," என்றார் அக்கா. பட்டுப் புடவையோடு பிரஸ் மெஷின் பக்கம் நடந்தார்.

அன்று பிற்பகலே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டார். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குள் போகாமல் நேரே கட்டுமான இடத்துக்குப் போய், ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவர் இன்னும் வெறும் கான்கிரீட்டாக இருந்த அந்தப் பாதையின் இரு முனைக்கும் நடந்தார். நடந்ததில் ஒன்று கிடைத்தது. கூரைத் தகடுகள் இன்னும் மாட்டப்படவில்லை. சாரம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பிறகுதான் இன்ஜினியரிடம் போனார்.

"பேனலு இன்னைக்கே வந்தாலும் எங்க மாட்டுவீங்க? சாரத்து மேலயா? மொதல்ல கூரைய முடிங்க. அதுக்குள்ள நான் வந்தர்றேன். பிந்துனதுக்குக் கழிக்கறதக் கழிச்சுக்கங்க, வேலைய மட்டும் எடுத்துக் குடுத்தராதீங்க."

இன்ஜினியர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் சாரம் அங்கே நிற்பது அவருக்கும் தெரியும். தாமதத்துக்குக் கழிவு உண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தார்.

அதன்பின் ஷெட்டில் வேறு வேலை ஓடவில்லை. அச்சுகளைத் திருப்பிச் செய்தோம். 'டிரைவர் சைடு', 'கிளீனர் சைடு' என்ற வார்த்தைகளை அக்கா தடை செய்தார். சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் நாளே மேஸ்திரி மூன்று முறை மாட்டினார். "என்னுங்க்கா, வாயில வந்தருது. அம்மான்னு சொல்லறதுக்கு முன்னால கிளீனர் சைடுன்னு சொல்லிப் பழகுன வாயி," என்று டீக்கடைக்குப் போனார். ஒவ்வொரு பேனலும் அச்சிலிருந்து வந்ததும் வரிசையில் நிறுத்தப்படும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்து நடக்க வேண்டும். கிரேன்காரர் வெற்றிலை வாயோடு கண்ணை மூடி நடந்துபோவதைப் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்போல் இருக்கும்.

முட்டை லாரி ஓனர் ஒருவர் தன் வண்டி முடியவில்லை என்று சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, கோழி போடற முட்டை உங்களுக்காகக் காத்துட்டு இருக்குமா? குருவிக்கு ரக்க கட்டீட்டு உக்காந்திருக்கறீங்க?"

"சத்தம் போடறது போடுங்க. மொதல்ல கண்ண மூடிட்டு இதுக்குள்ள ஒருக்கா நடந்து வாங்க."

அவர் முறைத்தார். ஆனாலும் நடந்தார். மறுமுனைக்கு வந்து கண்ணைத் திறந்து, உள்ளங்கையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "எங்கம்மாளுக்குக் கண்ணு தெரியாது," என்றார். போகும்போது, தப்பாகிப்போன பேனல்களில் ஓட்டை இல்லாதவற்றைத் தன் லாரிக்கு இரண்டு பக்கமும் அடித்துக் கொடுக்கச் சொன்னார். லாரிக்கு அவை சரியாகத்தானே இருந்தன.

கொழுந்தனார் தினமும் ஷெட்டுக்கு வந்தார். அண்ணியோடு பேசவில்லை. பிரஸ்ஸில் கை வைக்கவும் இல்லை. ஆனால் பெயிண்ட் தீர்ந்தால் சேலத்துக்கு ஆள் அனுப்பினார். அலுமினியம் வர நேரமானால் போனில் யாரையோ கத்தினார்.

பேனல்கள் போய்ச் சேர்ந்தன. மாட்டி முடித்ததும், நிலையம் திறப்பதற்கு முன்னால் எங்களைப் பார்க்க அனுமதித்தார்கள். அக்கா, மேஸ்திரி, நான். கொழுந்தனாரும் காரில் ஏறிக்கொண்டார். "பணம் போன எடத்தைப் பாக்க வேண்டாமா?" என்றார் என்னிடம்.

கீழே எல்லாம் மாறியிருந்தது. தரையில் கருங்கல், கூரையில் நீளநீளமாகத் தகடுகள், அவற்றுக்கு நடுவே ஒளிக்கோடு. கூடத்தின் தூண்கள் வெளிர் சாம்பல் நிறத்தில் நின்றன. அந்தப் பாதைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கருநீலத்தில் குருவிகள், கூட்டமாக, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் ஓர் ஆறுபோல் படிக்கட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. ஆர்க்கிடெக்ட் வந்திருந்தார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். போய்த் திரும்பி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. வளையல் சத்தமே கேட்கவில்லை.

கொழுந்தனாருக்கு அப்போது ஒரு போன் வந்தது. யாரோ லாரி ஓனர். சிக்னல் சரியாக இல்லை. "இருங்க இருங்க, வெளிய வாரேன்," என்று வலது கையில் போனைப் பிடித்தபடி நடக்கத் தொடங்கினார். பேச்சு மும்முரம். எங்கேயும் பார்க்கவில்லை. இடது கை தானாகச் சுவருக்குப் போனது. குருவிகளின் முதுகு மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. நிமிராமல், நிற்காமல், யாரிடமும் வழி கேட்காமல், படிக்கட்டில் ஏறி வெயிலுக்குள் போய்விட்டார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

சாயங்காலம் ஊர் திரும்பும்போது கார் ஆத்தூரைத் தாண்டியது. மேஸ்திரி தூங்கிவிட்டார். முன்சீட்டில் இருந்த கொழுந்தனார் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"தகடு, பெயிண்டு, கழிவு, நின்னுபோன லாரி வேல எல்லாஞ் சேத்து மொத்தம் எவ்வளவு ஆச்சுங்க அண்ணி?"

"பதினேழு லச்சத்து எம்பதாயிரம்."



"பாதிய எம் பேருல எழுதுங்க. பாதி எவ்வளவு வருது?"

"எட்டு லச்சத்துத் தொண்ணூறாயிரம்," என்றார் அக்கா.